வகிட்டில் ஒரு வெள்ளைக் கோடு

டை அடித்து 12 நாள்தான் ஆகியிருக்கும். கண்ணாடி முன் நின்று தலை வாரினால், வகிட்டின் இரு பக்கமும் மெல்லியதாக ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். தலைமுடி ஒரு நாளைக்குச் சுமார் 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது. 12 நாளில் நான்கு மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட வராது. ஆனால் எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் என் முகத்தை விட்டுவிட்டு அதையே பார்ப்பதுபோல எனக்குத் தோன்றும். ஒன்பது வருஷம் அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டினேன்.

நரையை மறைக்கலாமா, விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வயதையும் அழகையும் மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அது பராமரிப்பைப் பற்றிய கேள்வி. டை அடிக்க ஆரம்பிப்பது ஒரு மணி நேர வேலை. அதை நிறுத்துவது, முடி நீளமாக இருந்தால், இரண்டு மூன்று வருஷ வேலை. இதை எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

முதலில் நரை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். முடிக்கு வெள்ளை நிறம் என்று தனியாக ஒரு நிறமி கிடையாது. ஒவ்வொரு முடியின் வேர்க்குழியிலும் மெலனின் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. முடி முளைத்து வரும்போதே அவை அதற்குள் நிறத்தை நிரப்பி அனுப்புகின்றன. அந்த வேலை நின்றுபோனால் முடி நிறமில்லாமல் வளரும், வெளிச்சம் பட்டு வெள்ளையாகத் தெரியும். சாம்பல் நிறத் தலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் கறுப்பு முடியும் வெள்ளை முடியும் கலந்து தூரத்திலிருந்து தெரியும் தோற்றம்தான். வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. அது பிறகு நரைப்பதும் இல்லை, எந்த எண்ணெயைத் தடவினாலும் கறுப்பதும் இல்லை. தீர்மானம் எல்லாம் தோலுக்கு அடியில் நடக்கிறது.

நிறம் தரும் செல்கள் ஏன் வேலையை நிறுத்துகின்றன? அவற்றுக்குப் பதிலாள் அனுப்பும் மூல செல்கள் வேர்க்குழியின் மேல்பகுதியில் இருக்கின்றன. முடி உதிர்ந்து புதிதாக முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அவை இடம் மாறி, முதிர்ந்து, நிறம் தர வேண்டும். 2023இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தபோது, வயதாக ஆக அந்த மூல செல்கள் நகர முடியாமல் ஓரிடத்திலேயே சிக்கிக்கொள்வதைக் கண்டார்கள். செல் இருக்கிறது, ஆனால் வேலைக்கு வரவில்லை. வேர்க்குழியில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்து, முடி உள்ளேயிருந்தே வெளுக்கிறது என்று 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. டை டப்பாவில் இருக்கும் அதே பெராக்சைடுதான். நரைக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படும் பொருளைக் கொண்டே நரையை மறைக்கிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

எந்த வயதில் நரைக்கும் என்பதில் பெரும்பங்கு பரம்பரைக்கு. 2016இல் லத்தீன் அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து, நரையோடு தொடர்புள்ள ஐஆர்எஃப்4 என்ற மரபணுவை அடையாளம் கண்டார்கள். 'கவலைப்பட்டால் நரைக்கும்' என்ற பேச்சும் சும்மா இல்லை. ஹார்வர்டில் 2020இல் செய்த ஆய்வில், கடும் அழுத்தத்துக்கு உள்ளான கறுப்பு எலிகளின் நரம்புகளிலிருந்து சுரந்த நார்அட்ரினலின், மூல செல்களை ஒரேயடியாகக் கிளப்பிவிட்டுத் தீர்த்துவிட்டது. மறுவருஷம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 14 பேரின் முடியை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. மன அழுத்தம் குறைந்த காலத்தில் சில நரைமுடிகள் வேரிலிருந்து மறுபடி கறுப்பாக வளர்ந்திருந்தன. சில முடிகள், அவ்வளவுதான். லீவு போட்டால் தலை கறுக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஆனாலும் நம் சங்கப் பாட்டு நினைவுக்கு வராமல் இல்லை. இத்தனை வயதாகியும் உமக்கு நரைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு, மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவலர் சொன்னபடி நடப்பவர்கள், அரசன் அல்லாதது செய்யாதவன், ஊரில் சான்றோர் பலர் என்று புலவர் பிசிராந்தையார் அடுக்குகிறார். இப்படி ஒரு பட்டியல் கைவசம் உள்ளவர்கள் டையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

50 வயதில் பாதிப் பேருக்குப் பாதித் தலை நரைத்துவிடும் என்று தோல் மருத்துவத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. 2012இல் பல நாடுகளைச் சேர்ந்த 4,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தபோது அது மிகை என்று தெரிந்தது. 50 வயதில் பாதித் தலை நரைத்திருந்தவர்கள் 6 முதல் 23 சதவீதம் பேர்தான். அதே சமயம் 45க்கும் 65க்கும் இடைப்பட்டவர்களில் 74 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது நரை இருந்தது.

மிகச் சீக்கிரம் நரைத்தால் விஷயம் வேறு. பித்தநரை, இளநரை என்று நாம் சொல்வதற்கு மருத்துவத்தில் ஒரு வயதுக் கோடு இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினருக்கு 20, ஆசியர்களுக்கு 25, ஆப்பிரிக்கர்களுக்கு 30. அதற்கு முன்பே நரைக்கத் தொடங்கினால், டைக்குப் போவதற்கு முன் பி12 வைட்டமின், தைராய்டு இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவது நல்லது. புகைப் பழக்கத்துக்கும் இளநரைக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அப்புறம், ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது பொய். ஒரு முடியைப் பிடுங்குவதால் பக்கத்துக் குழியில் நரை வராது. ஆனால் பிடுங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் குழி கெட்டுப்போய், வெள்ளை முடியும் இல்லாமல் போகலாம்.

சரி, டைக்கு வருவோம்.

'நிரந்தர' டை என்பது வெளிப்பூச்சு இல்லை. முதலில் அமோனியா முடியின் மேற்செதில்களை உப்பவைத்துத் திறக்கிறது. பெராக்சைடு உள்ளே போய், இருக்கிற நிறத்தை வெளுக்கிறது. கூடவே உள்ளே போகும் சின்னச் சின்ன நிறமற்ற மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. இணைந்தபின் அவை பெரிதாகி, நிறம் பெற்று, வெளியே வர முடியாமல் முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. அதனால்தான் கலக்கும்போது வெளிர் நிறத்தில் இருக்கும் பசை, அரைமணி நேரத்தில் கிண்ணத்திலேயே கறுத்துப்போகிறது. என் குளியலறைத் தரையில் இன்னும் போகாத ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறது. தேய்க்காத சோப்பு இல்லை.

அந்தச் சின்ன மூலக்கூறுகளில் முக்கியமானது பாராஃபினைலீன்டையமின், சுருக்கமாகப் பிபிடி. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த பொருள் இது. 1907இல் பாரிஸில் யூஜீன் ஷ்யூலர் என்ற இளம் வேதியியலாளர் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றைத் தயாரித்து சலூன்களுக்கு விற்கத் தொடங்கினார். இரண்டு வருஷம் கழித்து அவர் பதிவு செய்த நிறுவனம்தான் பின்னால் லோரியல் ஆனது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடர்ந்த கறுப்புக்குப் பிபிடியையும் அதன் உறவுக்காரப் பொருள்களையும் விட்டால் ஆள் இல்லை.

கடையில் பெட்டியை எடுத்துப் பார்க்கும்போது ஏமாறுவது இங்கேதான். 'அமோனியா இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அமோனியாவுக்குப் பதில் எத்தனால்அமைன் போன்ற ஒன்று இருக்கும், நெடி குறையும். பெராக்சைடும் பிபிடியும் அப்படியே இருக்கலாம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள பட்டியலைத்தான் படிக்க வேண்டும். அதைப் படிக்கும் வயதில் கண்ணாடி தேவைப்படுகிறது என்பது வேறு கதை. 'மூலிகை', 'ஹெர்பல்' என்ற வார்த்தைகளும் அப்படித்தான். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற பொருள் முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செம்பழுப்பு தரும். நரைமுடியில் அது பளிச்சென்ற ஆரஞ்சாகத் தெரியும். அதன்மேல் அவுரிப் பொடி போட்டால் கருமை வரும், ஆனால் இரண்டு தனித்தனி வேலை, சில மணி நேரம் பிடிக்கும். மருதாணி தனியாகவே அரைமணியில் கன்னங்கரேலென்று பிடிக்கிறது என்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது, பெரும்பாலும் பிபிடி.

ஒவ்வாமைதான் இதில் உண்மையான, அன்றாட ஆபத்து. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே பிபிடியை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் பூசும் கலவையில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கையில் வரையும் 'கறுப்பு மருதாணி' டிசைன்களில் இது அதிக அடர்த்தியில் கலந்திருப்பதுண்டு. சின்ன வயதில் அதைப் போட்டுக்கொண்டு தோல் பழி வாங்கப் பழகிவிட்டால், இருபது வருஷம் கழித்து முதல் டையிலேயே முகம் வீங்கலாம். இன்னொன்று, இந்த ஒவ்வாமை பல வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் தலைகாட்டும். எனக்கு ஒன்பதாவது வருஷத்தில் வந்தது. முதலில் காதுக்குப் பின்னால் லேசான அரிப்பு. புது கம்மல் காரணம் என்று நினைத்துக் கம்மலை மாற்றினேன். அடுத்த முறை அடித்த மறுநாள் காலையில் நெற்றியோரம் தடித்து, ஒரு கண் இமை பாதி மூடியிருந்தது. தோல் மருத்துவர் பார்த்த பார்வையிலேயே, "டை அடிச்சீங்களா?" என்றார். ஒருமுறை வந்துவிட்டால் அது போவதில்லை, ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும் என்றும் சொன்னார்.

பெட்டிக்குள் இருக்கும் தாளில் 48 மணி நேரத்துக்கு முன் சோதித்துப் பாருங்கள் என்று இருக்கும். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டு வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும். நாளைக்குக் கல்யாணம் என்று இன்று இரவு டை வாங்குகிற நமக்கு இது நடக்கிற காரியமா? நான் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. புருவத்திலும் இமையிலும் மட்டும் தலை டையைக் கொண்டுபோகவே கூடாது, கண் பறிபோகும் ஆபத்து உண்டு. மீசை தாடிக்கு என்று வைத்திருப்பவர்களும் கவனம், முகத் தோல் உச்சந்தலைத் தோலைப்போலத் தாங்காது.

புற்றுநோய் பற்றிய பயம்தான் பலரை வதைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, நாள் முழுக்கச் சாயத்தோடு புழங்கும் முடிதிருத்தும் தொழிலாளர்களின் நிலையை 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்ற வகையில் வைத்திருக்கிறது. வீட்டில் சொந்தத் தலைக்கு அடித்துக்கொள்வதை, எதுவும் சொல்லப் போதிய சான்று இல்லை என்ற வகையில் வைத்திருக்கிறது. 2020இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வு 1,17,200 அமெரிக்கப் பெண்களை 36 வருஷம் பின்தொடர்ந்தது. நிரந்தர டை அடித்தவர்களுக்குப் பெரும்பாலான புற்றுநோய்கள் கூடவில்லை, புற்றுநோயால் இறப்பதும் கூடவில்லை. ஆனால் சில வகை மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், ஒரு வகைத் தோல் புற்றுநோய் ஆகியவற்றில் சிறிதளவு ஏற்றம் தெரிந்தது. இதை வைத்து டையைத் தூக்கி எறி என்றும் சொல்ல முடியாது, ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: எத்தனை முறை, எத்தனை வருஷம் என்பதைக் குறைக்க முடிந்தால் குறைப்பது நல்லது.

அங்கேதான் கணக்கு வருகிறது. மூன்றரை வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 15 தடவை. கலப்பது, பூசுவது, காய்வது, அலசுவது, காது மடலில் பட்ட கறையைத் துடைப்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். 40 வயதில் தொடங்கி 60 வரை போனால் 300 தடவை. முதல் நரையைக் கண்ட அன்று பெட்டியைக் கையில் எடுக்கிறவர் யாரும் முந்நூறு பெட்டிகளை நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வளர்கிறது. ஒட்ட வெட்டிய தலை என்றால், டையை நிறுத்திய மூன்று மாதத்தில், இரண்டு மூன்று முறை முடி வெட்டியதும் சாயம் முழுக்கப் போய்விடும். அதனால் ஆண்கள் பலர் தாராளமாக அடித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். இடுப்புவரை முடி உள்ள பெண்ணுக்கு அதே முடிவு ஐந்து வருஷத்துக் கட்டு. அதோடு பார்வையும் வேறு. என் கணவருக்குக் கிருதா நரைத்தபோது 'சால்ட் அண்ட் பெப்பர், நல்லா இருக்கு' என்றவர்கள், எனக்கு நரைத்தபோது 'உடம்பு கிடம்பு சரியில்லையா?' என்று கேட்டார்கள். ஒரே வீடு, ஒரே வயது.

1956இல் அமெரிக்காவில் கிளேரால் நிறுவனம் வீட்டிலேயே அடித்துக்கொள்ளும் டைக்குச் செய்த விளம்பரம், இவள் சாயம் அடித்திருக்கிறாளா இல்லையா என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்ற தொனியில் இருந்தது. வெளியே தெரியாமல் இருப்பதே பெருமை. 2022இல் கனடாவின் மூத்த செய்தி வாசிப்பாளர் லிசா லஃப்ளாமின் ஒப்பந்தம், 35 வருஷப் பணிக்குப் பிறகு பாதியில் முடிக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் அவர் டையை நிறுத்தி நரையோடு திரையில் வரத் தொடங்கியிருந்தார். முடியும் வயதும் காரணமில்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆனாலும் பேச்சு முழுக்க முடியைப் பற்றித்தான் நடந்தது. அதனால் வேலை தேடும் காலத்தில், கேமரா முன் நிற்கும் தொழிலில் ஒருவர் டை அடிக்கிறார் என்றால் அதை அகம்பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'இயற்கையாக இரு' என்று உபதேசம் செய்கிறவர்கள், 'கொஞ்சம் டை அடிச்சா பத்து வயசு குறையுமே' என்கிறவர்களைவிட எந்த விதத்திலும் குறைந்த தொல்லை இல்லை.

அடிப்பதென்று முடிவு செய்தால், வெளியே வரும் வழியையும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்வது என் யோசனை. கன்னங்கரேலென்ற கறுப்புதான் மிகக் கடுமையான கோட்டைக் காட்டும். கரும்பழுப்பு எடுத்தால் வெள்ளை வளரும்போது அவ்வளவு அறையாது. நரை குறைவாக இருந்தால், சில வாரத்தில் அலச அலச மங்கிப்போகும் தற்காலிகச் சாயமே போதும். அது கோடு விழாமல் கரைந்துபோகும். முழுத் தலைக்கும் ஒவ்வொரு முறையும் பூச வேண்டியதில்லை, வளர்ந்த வேருக்கு மட்டும் போதும். நுனிவரை திரும்பத் திரும்பப் பூசித்தான் முடி துடைப்பக் குச்சியாகிறது.

நிறுத்துவதற்கும் வழிகள் உண்டு, ஆனால் குறுக்குவழி கிடையாது. ஒட்ட வெட்டிவிடுவது வேகமானது. பார்லரில் அங்கங்கே வெளிர் இழைகள் எடுத்து, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள எல்லையைக் கலைத்துவிடச் சொல்லலாம், அது நடுத்தர வழி. சாயத்தை ரசாயனத்தால் முழுக்க உருவிவிடலாம் என்பார்கள், உருவியபின் மிஞ்சும் முடியைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். நான் செய்தது, தோள்வரை வெட்டிவிட்டுக் காத்திருந்ததுதான். இரண்டரை வருஷம். நான்காவது மாதத்திலிருந்து பத்தாவது மாதம்வரைதான் கொடுமை. மேலே ஒரு கை அகலத்துக்கு வெள்ளை, கீழே செம்பட்டையாக வெளிறிய பழைய கறுப்பு. பார்க்கிறவர்களுக்கு நரை உறுத்தவில்லை, பாதியில் விட்ட வேலைதான் உறுத்தியது. வகிட்டை வளைத்து எடுத்தால் கொஞ்சம் மறையும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். நரைமுடி பலருக்குச் சற்று முரடாக இருக்கும், வெயிலிலும் புகையிலும் மஞ்சள் தட்டும். ஊதா நிற ஷாம்பு அந்த மஞ்சளை அடக்கும். ஆக, விட்டுவிட்டாலும் வேலை முழுக்க ஓய்வதில்லை.

என் அக்காவுக்கு 56 வயது. இன்னும் அடிக்கிறாள், நிறுத்தும் எண்ணமே இல்லை. பின்தலைக்கு அவள் கை எட்டாததால், நான்கு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வேலை அது. வெள்ளிக்கிழமையே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துவிட்டாளா என்று போன் பண்ணி விசாரிப்பேன். ஞாயிறு காலையில் பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்காருவாள். எனக்குத் தோலில் பட்டாலே ஆகாது என்பதால் இரட்டைக் கையுறை. சீப்பின் வால்நுனியால் வகிடு வகிடாகப் பிரித்து வேரில் மட்டும் தடவிக்கொண்டு வருவேன். சென்ற வாரம் பிடரிக்கு மேல் வந்தபோது கை நின்றது.

"என்னடி, முடிஞ்சுதா?"

"இல்லக்கா. பிடரியில உனக்கு இன்னும் நல்ல கறுப்பு இருக்கு. அதுக்கு எதுக்கு டை?"

"அப்படியா? எவ்வளவு இருக்கு?"

நான்கு விரல் அகலம் இருந்தது. கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்குப் பூசச் சொன்னாள்.